அடியில் பொறித்த ஆண்டு: கொல்கத்தாவின் சீன வெண்கல, பித்தளைக் கலங்களை வாசித்தல்

1. கேள்வி

சீன வெண்கலத் தூபக்கலம் ஒன்று கைக்கு வந்தால், விவரம் தெரிந்தவர் அதை முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். அடியில் ஒரு சதுரக் கட்டத்துக்குள் ஆறு எழுத்துகள் இருக்கும். 'மாபெரும் மிங் அரசின் சுவாந்தே ஆட்சியில் செய்தது' என்பது அவற்றின் பொருள். சுவாந்தே என்ற ஆட்சிப்பெயர் 1426 முதல் 1435 வரை வழங்கியது. எழுத்தை நம்பினால் கலத்தின் வயது ஏறத்தாழ அறுநூறு.

நம்பலாமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கொல்கத்தாவில் வைத்துக் கேட்கிறது. காரணம், சீன உலோகக் கலைப்பொருள் அந்த நகரத்தில் இரண்டு விதமாக வாழ்கிறது. ரஸ்ஸல் தெருவில் 1940இல் தொடங்கிய ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் போன்ற ஏலக்கடைகளும், பழைய வீடுகளின் கண்ணாடி அலமாரிகளும், அவற்றை நாடிப் போகும் சேகரிப்பாளர்களும் ஓர் உலகம். அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே திரட்டி பஜாரின் சந்துகளில் இருக்கும் சீனக் கோயில்கள் இன்னொன்று. அங்கே தூபக்கலத்தில் இன்றும் வத்தி புகைகிறது. ஒரே வகைக் கலத்தை முதல் உலகம் அடிமுத்திரையால் மதிப்பிடுகிறது. இரண்டாவது உலகம் யார் கொடுத்தது என்பதால் நினைவில் வைத்திருக்கிறது. காலக்கணிப்புக்கு எது நல்ல சான்று என்பதில் என் முடிவை மறைக்க விரும்பவில்லை: பேரரசரின் பெயரைவிட, கலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த தச்சுத் தொழிலாளியின் பெயரையே நான் நம்புவேன்.

2. இதுவரை எழுதப்பட்டவை

கொல்கத்தாச் சீனர்களைப் பற்றிய எழுத்து குறைவில்லை. சாலோனர் அலபாஸ்டர் 1858இல் 'கல்கத்தா ரிவ்யூ' இதழில் அங்கிருந்த சீனக் குடியிருப்பைப் பற்றி விரிவாக எழுதினார். இரண்டாம் அபினிப் போரில் பிடிபட்ட காண்டன் ஆளுநர் யே மிங்சென் கல்கத்தாவுக்கு நாடுகடத்தப்பட்டபோது மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தவர் அவர். யே 1859இல் டாலிகஞ்சில் இறந்தார். பிற்காலத்தில் எல்லன் ஆக்ஸ்ஃபெல்ட் 1993இல் வெளியிட்ட நூல் டாங்ராவின் ஹக்கா தோல்பதனிடும் குடும்பங்களைப் பற்றியது. ஜாங் ஷிங் 2010இல் சீனப் பள்ளிகளை ஆராய்ந்தார். தான்சென் சென் கோயில்களையும் சங்கங்களையும் குறித்து எழுதிவருகிறார்.

இன்னொரு பக்கம், பிற்காலச் சீன வெண்கலங்களைப் பற்றிய நூல்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பை வைத்து ரோஸ் கெர் 1990இல் எழுதியதும், ராபர்ட் மௌரி 1993இல் ஃபீனிக்ஸ் அருங்காட்சியகத்துக்காகத் தொகுத்ததும் இத்துறையின் அடிப்படை நூல்கள். இவை வந்த பிறகுதான், அன்யாங்கில் 1939இல் தோண்டியெடுத்த 832 கிலோ சடங்குப் பாத்திரம் போன்ற பழைய ஷாங் காலத்து வெண்கலங்களுக்கு மட்டுமே ஆராய்ச்சித் தகுதி உண்டு என்ற எண்ணம் தளர்ந்தது.

முதல் வரிசை மனிதர்களைப் பார்க்கிறது. அவர்கள் பூசைக்கு வைத்திருந்த பாத்திரங்கள் அதில் பின்னணிப் பொருள்கள். இரண்டாவது வரிசை பாத்திரங்களைப் பார்க்கிறது. அவற்றை வைத்துப் பூசித்தவர்கள் அதில் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாததால் வந்த நட்டத்தை இனிவரும் பகுதிகளில் காணலாம்.

3. சுவாந்தே கதை

கதை சுவையானது. 1428இல் சயாம் மன்னர் பல்லாயிரம் 'காட்டி' (சீன எடையளவு) எடையுள்ள உயர்ந்த செம்பைக் காணிக்கையாக அனுப்பினார். கோயில்களிலும் அரண்மனையிலும் இருந்த பாத்திரங்கள் பழைய இலக்கணப்படி இல்லையே என்று வருந்திய பேரரசர், அந்தச் செம்பில் புதிய பாத்திரங்கள் வார்க்க ஆணையிட்டார். நல்ல செம்பை எத்தனை முறை புடம் போடுவீர்கள் என்று கம்மியரைக் கேட்டார். ஆறு முறை என்றார்கள். பன்னிரண்டு முறை போடுங்கள் என்றார். அப்படி உருவானவை ஆயிரக்கணக்கான கலங்கள். அவற்றின் பட்டியலும் படங்களும் 'சுவாந்தே யிசி துபு' என்ற நூலில் உள்ளன.

சிக்கல் அந்த நூலில்தான் இருக்கிறது. அது சுவாந்தே காலத்து அரசு ஆவணம் அல்ல, பின்னால் யாரோ கட்டியது என்று பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோ 1930களில் வாதிட்டார். அதன் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் திசையிலேயே சென்றிருக்கிறார்கள். ஐயமற இதுதான் சுவாந்தே காலத்துத் தூபக்கலம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கலம்கூட இல்லை. முத்திரை உள்ளவையோ உலகெங்கும் நிறைந்து கிடக்கின்றன. மிங் இறுதியிலும், சிங் ஆட்சி முழுவதும், குடியரசுக் காலத்திலும், நேற்றுவரையிலும் அந்த ஆறெழுத்தை வார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இதை மோசடி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். சோங் காலத்திலேயே பழைய வெண்கலங்களின் படத்தொகுப்புகள் தோன்றிவிட்டன. லூ தாலின் 1092இல் ஒன்றைத் தொகுத்தார். அடுத்த தலைமுறையில் ஹுயிசோங் பேரரசரின் அவை தன் சேகரிப்புக்கே ஒரு பெரும் பட்டியல் செய்தது. அதன் பின் கம்மியருக்கு முன்மாதிரி மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பாத்திரம் அல்ல, அச்சிட்ட படம். முன்னோர் செய்தபடி செய்வது அவர்களுக்கு ஒரு மரியாதை. சுவாமிமலையில் இன்று வார்க்கும் நடராசர் சோழர் காலத்து இலக்கணத்தில் நிற்பதை நாம் போலி என்பதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சுவாமிமலை ஸ்தபதி பீடத்தில் 'இராசராசன் காலத்தில் செய்தது' என்று எழுதுவதில்லை. எழுத்து வந்ததும் மரியாதைக்கும் வியாபாரத்துக்கும் நடுவிலிருந்த கோடு மங்கிவிடுகிறது.

அரசர் பெயர் மட்டும்தான் இப்படி என்றில்லை. 1600ஐ ஒட்டிய காலத்தில் செம்பில் புடைப்புச் செதுக்கலும் பொன்முலாமும் சேர்த்து வேலைசெய்த ஹு வென்மிங் என்ற கம்மியரின் பெயரும், வெண்கலத்தில் வெள்ளிக்கம்பி பதித்ததற்காகப் போற்றப்படும் ஷிசோ என்ற பெயரும் தலைமுறை தலைமுறையாகப் பிறர் பாத்திரங்களில் ஏறின. இந்தக் கைவினையில் கையெழுத்து என்பது பெரும்பாலும் ஒரு தரக்குறியீடு, நம்மூரில் ஒரு கடைப்பெயர் ஊரூராகப் பலகையில் ஏறுவதுபோல.

4. உலோகத்தின் சாட்சி

முத்திரை கைவிட்டால் உலோகத்தைக் கேட்கலாம். 'சீன வெண்கலம்' என்று பெயர்ச்சீட்டு ஒட்டிய பலவும் வெண்கலமே அல்ல. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. சீனாவில் ஈயமும் சேர்ப்பார்கள். பித்தளை செம்பும் துத்தநாகமும். மிங், சிங் காலத் தூபக்கலங்களில் பெரும்பகுதி பித்தளையே. கோயில்களின் பலிபீடத்துக்கு முன் வரிசையாக வைக்கும் ஐந்து கலங்கள், அதாவது நடுவில் தூபக்கலம், இரு பக்கமும் மெழுகுவத்தித் தாங்கி இரண்டு, பூச்சாடி இரண்டு, தென்சீனர்களிடம் பல நேரம் வெள்ளீயக் கலவையில் இருக்கும். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு என்று தவறாகப் பெயர் பெற்ற வெள்ளீயச் சொம்பை எடுத்துத் தட்டிப் பார்த்தவருக்கு அந்த மந்தமான ஒலியும் மென்மையான சாம்பல் பளபளப்பும் உடனே பிடிபடும்.

இதில் துத்தநாகத்தின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. துத்தநாகம் வாங்கி உருக்கிக் கலக்கும் உலோகம் அல்ல, நெடுங்காலம் வரை. சூடேறினால் ஆவியாகிப் பறந்துவிடும். எனவே பழங்காலப் பித்தளையை, செம்புத் துண்டுகளோடு துத்தநாகத் தாதுவையும் கரியையும் மூடிய மூசையில் வைத்துச் சுட்டுச் செய்தார்கள். அந்த முறையில் துத்தநாகம் ஏறத்தாழ 28 விழுக்காடு வரையும், மிக நன்றாக அமைந்தால் 33 விழுக்காட்டை ஒட்டியும் சேரும்; அதற்கு மேல் ஏறாது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் துத்தநாகத்தைத் தனி உலோகமாக வடித்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். உதயப்பூருக்கு அருகே ஜாவரில் அதை முன்பே செய்திருந்தார்கள். சீனத்தில் 16ஆம் நூற்றாண்டில் காசுகள் பித்தளைக்கு மாறின; தனித் துத்தநாகம் காசுகளில் தெளிவாகத் தெரியத் தொடங்குவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். சோங் யிங்சிங் 1637இல் வெளியிட்ட தொழில்நுட்ப நூல் அதை வடிக்கும் முறையைப் படத்துடன் விளக்குகிறது.

இதிலிருந்து ஓர் எளிய சோதனை பிறக்கிறது. 'சுவாந்தே' என்று எழுதிய கலத்தில் துத்தநாகம் 38 விழுக்காடு என்று எக்ஸ் கதிர்க் கருவி காட்டினால், அது 1430இல் செய்ததாக இருக்க வழியில்லை. ஆனால் 20 விழுக்காடு என்று காட்டினால் என்ன நிறுவப்பட்டது? ஒன்றும் இல்லை. பழைய பித்தளையை உருக்கிப் புதிய கலம் வார்க்கலாம். பட்டறையில் உடைசல் கலக்காத நாளே கிடையாது. கருவி மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது என்பதும் உண்டு. பொன்முலாமும் களிம்பும் கணக்கைக் குழப்பும். சுருக்கமாக, உலோகம் ஒரு கலத்தைப் பொய்யாக்க முடியும், மெய்யாக்க முடியாது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு கிளைக்கதை. துத்தம், நாகம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து இந்திய மொழிகளில் வழங்கிய இந்தப் பெயர் போர்த்துகீசியர் வாயில் 'துத்தநாகா' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'டூட்னேக்' ஆகி, கடைசியில் காண்டனிலிருந்து கப்பலேறிய சீனச் சரக்கின் பெயராகிவிட்டது. 1745இல் காண்டனிலிருந்து திரும்பி ஊர்த் துறைமுகத்தின் வாயிலிலேயே மூழ்கிய சுவீடன் கப்பல் 'யோட்டபோரி'யிலிருந்து எடுத்த கட்டிகள் ஏறத்தாழ 99 விழுக்காடு தூய துத்தநாகம். அதே சரக்கு 18ஆம் நூற்றாண்டில் மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் வந்து நம்மூர்ப் பித்தளையிலும் கலந்தது. சீனப் பித்தளை எது, இந்தியப் பித்தளை எது என்று உலோகத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முயல்பவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

5. கொடைவரி

இனித் திரட்டி பஜாருக்குப் போகலாம். கொல்கத்தாச் சீனர்கள் தங்கள் கோயிலை 'சர்ச்' என்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளின் காகிதத்தில் ஏறிய சொல் ஊர்ப் பேச்சிலும் நிலைத்துவிட்டது. ஒவ்வொன்றும் கோயில் மட்டுமல்ல. ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவர்களின் சங்கமும் விடுதியும் கூட. காசியில் நகரத்தார் சத்திரத்தை அறிந்தவருக்கு இந்த அமைப்பு புதிதல்ல. சாட்டாவாலா சந்தில் 1905ஆம் ஆண்டுக் குவான்யின் கோயில் 'சீ இப்' தச்சர்களுடையது. சீ இப் என்றால் நான்கு மாவட்டங்கள். பிளாக்பர்ன் சந்தில் செங்கல் கட்டடமாக நிற்கும் 'டூங் ஆன்' 1924க்கு உரியது. அதன் கீழ்த்தளத்தில்தான் நான்கிங் உணவகம் பேரோடு நடந்தது. டாம்சன் சந்தின் 'நாம் சூன்' நான்ஹாய், ஷுன்தே மாவட்டத்தாரின் கோயில்.

நான்ஹாய் என்ற பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். தென்சீனத்தின் பெரிய வார்ப்பட ஊரான ஃபோஷான் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. மலேயா, சயாம், ஜாவா எங்கும் சீனக் கோயில்களின் மணிகளும் தூபக்கலங்களும் பெருமளவில் அங்கிருந்து போயின. வொல்ஃப்காங் ஃபிராங்கே, சென் தியே ஃபான் இருவரும் 1980களில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட மலேசியச் சீனக் கல்வெட்டுத் தொகுப்பு இந்தப் பாத்திரங்களின் மேலுள்ள வரிகளையும் கல்வெட்டோடு சமமாகப் படியெடுத்தது. அந்த முறைதான் எனக்கு முக்கியம். அப்படிப்பட்ட கொடைவரி, அதாவது கலத்தின்மேல் பொறித்த கொடைக் குறிப்பு, என்ன சொல்லும்? எந்தக் கோயிலுக்கு, எந்த ஆண்டில், எந்த ஊர்க்காரர்கள் அல்லது எந்தக் கடை கொடுத்தது, சில நேரம் எந்தப் பட்டறை வார்த்தது. பினாங்குத் தண்டாயுதபாணி கோயிலின் வெள்ளித்தேர் காரைக்குடியில் செய்யப்பட்டு 1894இல் கடல்கடந்து போனதுபோல, புலம்பெயர்ந்தவர் சாமிக்கு வேண்டியதைப் பிறந்த ஊர்க் கம்மியரிடமே செய்யச் சொல்வார்கள். செய்தவரின் பெயரும் கேட்டவரின் பெயரும் அதில் தங்கிவிடும்.

கொடைவரியின் ஆண்டைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மூன்று வழிகளில் எழுதுவார்கள். ஆட்சியாண்டு ஒன்று: குவாங்சூ 31 என்றால் 1905. 1912க்குப் பிறகு குடியரசாண்டு: அது 13 என்றால் 1924. மூன்றாவது, அறுபதாண்டுச் சுழற்சி. பிரபவ முதல் அட்சய வரை அறிந்த நமக்கு இதன் வசதியும் தெரியும், இடையூறும் தெரியும். 1905 சீனக் கணக்கில் யீ-சி. நம் கணக்கில் விசுவாவசு. 1965ம் அதுவே, 2025ம் அதுவே. சுழற்சிப் பெயர் மட்டும் உள்ள கலத்தின் ஆண்டு அறுபது ஆண்டு முன்னும் பின்னும் தாவும். பிற்காலச் செப்பேடுகளில் சக ஆண்டு இல்லாமல் வருடப்பெயர் மட்டும் நிற்கும்போது நாம் படும் பாடுதான் இதுவும். அப்போது கொடையாளியின் பெயரும், சங்கத்தின் பெயரும், எழுத்தின் அமைப்பும் கைகொடுக்கும்.

கொடைவரியும் பொய் சொல்லலாமே என்று ஒரு மறுப்பு எழும். எழவேண்டியதுதான். கோயிலில் பின்னால் வந்த சங்கத்தலைவர் பழைய கலத்தில் தன் பெயரைப் பொறித்திருக்கலாம். பழைய கலம் உடைந்தபின் அதே வரியோடு புதிதாக வார்த்திருக்கலாம். ஆனால் இந்தப் பொய்களுக்கு ஓர் எல்லை உண்டு. வரியைப் படிப்பவர்கள் அதே சந்தில் வாழ்ந்தவர்கள். கொடுக்காதவன் கொடுத்ததாக எழுதினால் கேட்க ஆள் இருந்தது. அடிமுத்திரையை அப்படிக் கேட்க யாரும் இருந்ததில்லை. அது கவிழ்த்துப் பார்க்கும் அந்நியருக்காக எழுதப்பட்டது.

அந்நியருக்காக எழுதும் முத்திரையின் இன்னொரு வடிவம் வேடிக்கையானது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெளிநாட்டாருக்கென்றே செய்த பித்தளைச் சாமான்களில், டிராகன் சுற்றிய மெழுகுவத்தித் தாங்கி, பூவேலைக் கிண்ணம், மணி போன்றவற்றில், 'சைனா' என்று ஆங்கில எழுத்தில் முத்திரை இருக்கும். 1890இல் அமெரிக்கா நிறைவேற்றிய சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. அலங்காரத்துக்காக எழுதிய பேரரசர் பெயரைவிடச் சுங்கக்காரருக்குப் பயந்து எழுதிய அந்த ஒரு சொல் காலக்கணிப்புக்கு அதிகம் உதவுகிறது.

6. கைமாறிய வழிகள்

கலம் எப்படி வந்தது என்பதும் சான்றுதான். சீனர் தாமே கொண்டுவந்தவை ஒரு வழி. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் பஜ்பஜ் அருகே 650 பிகா நிலத்தை ஆண்டுக்கு 45 ரூபாய் வாடகைக்குப் பெற்றுக் கரும்பாலை வைத்த தோங் அச்சூவோடு இந்த வழி தொடங்குகிறது. அவர் பெயரில் விளங்கும் அச்சிப்பூரில் மண்சாமிகள் இருவருக்குக் கோயில் உண்டு. சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாக் குடும்பங்கள் இன்றும் அங்கே போகின்றன.

இரண்டாவது வழி வணிகம். கல்கத்தாவில் ஏலம்போன அபின் காண்டனுக்குப் போனது. திரும்பும் கப்பலில் தேயிலையும் பட்டும் துத்தநாகமும் வந்தன.

மூன்றாவது வழியைப் பேசத் தயங்குவார்கள். 1860இல் பீக்கிங்கின் பழைய கோடை அரண்மனை சூறையாடப்பட்டபோது பஞ்சாப் படையினரும் மதராஸ் சாப்பர்களும் அந்தப் படையெடுப்பில் இருந்தார்கள். 1900 குத்துச்சண்டையர் கலகத்தின்போதும் இந்தியப் படைகள் சென்றன. அப்போது பீக்கிங் சொர்க்கக் கோயிலிலிருந்து எடுக்கப்பட்ட வெண்கல மணி ஒன்று இந்தியப் படை அதிகாரிகளின் உணவகத்தில் பல பத்தாண்டுகள் இருந்தது. படைத்தலைவர் பி.சி. ஜோஷி 1994இல் அதைச் சீனாவிடம் திருப்பிக் கொடுத்தார். அந்த மணி எங்கிருந்து வந்தது என்ற நினைவு படைக்குள் பிழைத்திருந்ததால்தான் திரும்பியது. தனியார் பெட்டியில் வந்தவற்றுக்கு அந்த நினைவு கிடையாது.

நான்காவது, வெளியேற்றம். 1962 போருக்குப் பின் ஏறத்தாழ 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தான் தியோலி முகாமில் அடைக்கப்பட்டார்கள். கொல்கத்தாவில் பலரின் சொத்து 'பகைவர் சொத்து' ஆனது. அதன் பிறகு கனடாவுக்கும் பிற நாடுகளுக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். கிளம்பும் குடும்பம் கனமான வெண்கலத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

சட்டம் இங்கே ஒரு விசித்திரத்தை உண்டாக்குகிறது. 1972இல் இயற்றி 1976இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தொல்பொருள் என்கிறது. எந்த நாட்டில் செய்தது என்று அது கேட்கவில்லை. ஆகவே ஃபோஷானில் வார்த்துக் கொல்கத்தாவில் நூறாண்டு இருந்த கலத்தை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. டூங் ஆன் கோயில் கட்டப்பட்டபோது வந்த பொருள்களெல்லாம் 2024இல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. விற்பவருக்கு இதனால் ஒரு கலத்துக்கு இரண்டு வயது வேண்டியிருக்கிறது: வாங்குபவரிடம் அறுநூறு, சுங்கத்தில் தொண்ணூறு. முத்திரை முதல் வயதுக்குத் துணை. கொடைவரி இரண்டு வயதையும் கெடுக்கும் என்பதால் சந்தையில் அதற்கு மதிப்பில்லை. அதைப் படிக்கத் தெரிந்தவரும் ஏலக்கடையில் குறைவு.

7. சாம்பல்

சீனக் கோயில் வழக்கில் 'தூபம் பகிர்தல்' என்று ஒன்று உண்டு. புதிய ஊரில் கோயில் எழுப்புகிறவர்கள் தாய்க்கோயிலின் தூபக்கலத்திலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்துவந்து புதிய கலத்தில் இடுவார்கள். சாமி வந்துசேர்ந்ததற்கு அதுவே அடையாளம். அதன்மேல்தான் ஒவ்வொரு வத்தியும் எரிந்து சேர்கிறது. கலம் உடைந்தால் வேறு கலத்துக்குச் சாம்பலை மாற்றலாம். வழிபடுபவரின் கணக்கில் கோயிலின் தொடர்ச்சி சாம்பலில் இருக்கிறது. வெண்கலம் அதைத் தாங்கும் பாத்திரம்.

ஒரு கலம் சந்தைக்குப் போகும்போது முதலில் கொட்டப்படுவது அதுதான். பிறகு புளியோ பிராசோவோ போட்டுத் துலக்குகிறார்கள். பக்கவாட்டில் மெல்லியதாக வெட்டியிருந்த பெயர்கள் ஒவ்வொரு துலக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. அடியில் ஆழமாக வார்த்த ஆறெழுத்து பளிச்சென்று தெரிகிறது.